பெரும்பாடும் பெருந்தோட்டமும்: கருப்பை நார்க்கட்டியும் திம்புள்ளைப் பெண்களும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மலைநாட்டு வரலாற்றை எழுதப் புகுவோர் கோப்பியையும் தேயிலையையும், கங்காணி முறையையும், குடியுரிமைச் சட்டங்களையும், தொழிற்சங்கங்களின் எழுச்சியையும் பற்றியே பெரிதும் எழுதுவர். அது முறையே. ஆயினும், ஒரு சமூகத்தின் வரலாறு அச்சமூகத்து மக்களின் உடல்களது வரலாறுமாகும். கொழுந்து கொய்யும் பெண்ணின் விரல்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கின்றோம். அவள் வயிற்றினுள் வளர்ந்த நோயைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு.

கருப்பை நார்க்கட்டி பெண்களிடையே மிகப் பரவலாகக் காணப்படும் கட்டி. ஐம்பது வயதை எட்டுவதற்கு முன்னர் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது சிறிதாகவோ பெரிதாகவோ தோன்றிவிடுகின்றது. அது புற்றுநோயன்று. பலர் தமக்கு அது இருப்பதை அறியாமலே வாழ்ந்து முடிக்கின்றனர். இத்தகைய 'சாதுவான' நோய் அரிதாக, மிக அரிதாக, சில மணி நேரத்துள் உயிரைப் பறிக்கும் அவசர நிலையாக மாறுவதுண்டு. அவ்வாறு மாறும்போது, பெண் பிழைப்பதும் இறப்பதும் நோயின் தன்மையை மட்டும் பொறுத்ததன்று. அவள் சொல்லைக் கேட்பவர் யார், 'இது கடுமையானது' என்று தீர்மானிப்பவர் யார், சத்திரசிகிச்சைக் கூடம் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பவற்றையும் அது பொறுத்ததாகும். இம்மூன்று வினாக்களையும் திம்புள்ளைப் பிரதேசத்தை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நோயும் அதன் அவசர நிலைகளும்

நார்க்கட்டி கருப்பையின் தசையிலிருந்து தோன்றுவது. மிளகளவிலிருந்து நிறைமாதக் கர்ப்பம் போன்று வயிறு பருக்கும் அளவு வரை அது வளரக்கூடும். கருப்பையின் உட்புறத்தை நோக்கி வளர்வது மாதப்போக்கை மிகுவிக்கும். சுவரினுள்ளே வளர்வது கருப்பையைப் பருக்கச் செய்யும். வெளிப்புறமாக வளர்வது சில வேளைகளில் ஒரு காம்பில் தொங்கும் காய்போல் அமைந்துவிடும். அதன் அவசர நிலைகள் பெரும்பாலும் அது அமைந்துள்ள இடத்தைப் பொறுத்தே ஏற்படுகின்றன.

முதலாவது முறுக்கம். காம்புடைய கட்டி தன் காம்பைச் சுற்றித் திரும்பிவிடும்போது, இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் மெல்லிய நாளங்கள் முதலில் அடைபடுகின்றன. உள்ளே வந்த இரத்தம் வெளியேற வழியின்றிக் கட்டி வீங்கிக் கறுத்து அழியத் தொடங்குகின்றது. அடிவயிற்றில் திடீரென எழும் கடும் வலியும் வாந்தியும் இதன் அறிகுறிகள். குடல்வளரி அழற்சி என்றோ சூலகக் கட்டி என்றோ மருத்துவரே மயங்குதல் இயல்பு.

இரண்டாவது உள் இரத்தப்போக்கு. பெரிய கட்டியின் மேற்பரப்பில் புடைத்தோடும் நாளமொன்று வெடித்து, இரத்தம் வயிற்றறையினுள் பாயும். இது மிக அரிது. வியன்னா நகரத்து நோயியல் அறிஞர் ரொகித்தான்ஸ்கி 1861இல் இதனை முதன்முதலில் விவரித்தார். அதன் பின்னர் உலக மருத்துவ இலக்கியத்தில் பதிவான நிகழ்வுகள் மிகச் சிலவே. பாரந் தூக்குதல், முக்குதல், வயிற்றில் அடிபடுதல் முதலியவற்றை அடுத்து இது நேர்ந்ததாகச் சில பதிவுகள் கூறுகின்றன. யாதொரு காரணமுமின்றி நேர்ந்ததாகவும் பதிவுகள் உள. வெளியே ஒரு துளி இரத்தமும் தெரியாது. முகம் வெளிறி, நாடி விரைந்து, பெண் மயங்கி வீழ்வாள். வயிற்றைத் திறந்து நாளத்தைக் கட்டுவதைத் தவிர வேறு பரிகாரம் இல்லை.

மூன்றாவது கர்ப்பகாலத்தில் நேரும் செந்நிறச் சிதைவு. கர்ப்பத்தின் நடுமாதங்களில் கட்டி விரைந்து வளர, அதற்குரிய இரத்தம் போதாமல் உட்பகுதி சிதைகின்றது. வலியும் காய்ச்சலும் உண்டாகும். இங்கே கத்தியை எடுப்பதே ஆபத்தானது. ஓய்வும் வலிநீக்கியும் போதுமானவை. ஆகவே அறிந்து வாளாவிருத்தலும் ஒரு மருத்துவத் திறனாகும்.

இவையன்றி, இடுப்பெலும்புக் குழியில் இறுகிய கட்டி சிறுநீர்த் தாரையை அழுத்திச் சிறுநீரை முற்றாகத் தடுத்தல். பிரசவத்தின் பின்னரோ கருச்சிதைவின் பின்னரோ கட்டியினுள் சீழ் பிடித்தல். பெரிய கட்டி இடுப்பு நாளங்களை அழுத்துவதால் காலில் இரத்தம் உறைந்து, அவ்வுறைவு நுரையீரலைச் சென்றடைதல். உள்நோக்கி வளர்ந்த கட்டி காம்புடன் கருப்பை வாயினூடாக வெளித்தள்ளப்படுதல் என்பனவும் உண்டு. கடைசியாகக் கூறிய நிலையில் பெண்ணுக்கு உண்மையான பிரசவ நோவே ஏற்படும். பிள்ளை இல்லாத பிரசவமொன்றை மருத்துவச்சி எதிர்கொள்ள நேரும்.

இவ்வரிய நிலைகளைக் காட்டிலும் பன்மடங்கு பரவலானது, மாதந்தோறும் மிகுதியாக இரத்தம் இழந்து மெல்ல மெல்ல வலுவிழத்தல். அவசர நிலை வந்துசேரும் வேளையில், ஏற்கெனவே இரத்தம் வற்றிய உடலையே அது தாக்குகின்றது. இவ்விரண்டும் ஒன்றுசேரும்போதே அரிய நோய் உயிர்க்கொல்லியாகின்றது.

2. சத்திரசிகிச்சை கடந்து வந்த வழி

மேலைத்தேயத்திலும் இந்நோய்க்கான சிகிச்சை எளிதிற் கைவந்ததன்று. 1843இல் இங்கிலாந்தின் மஞ்செஸ்ரர் நகரில் சார்ள்ஸ் கிளே சூலகக் கட்டி என எண்ணி ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்தார். உள்ளே இருந்ததோ நார்க்கட்டியாற் பருத்த கருப்பை. அதனை அகற்றினார், இரத்தப்போக்கினால் அப்பெண் இறந்தாள். 1844இல் அமெரிக்காவில் அற்லீ சகோதரர்கள் கருப்பையை விட்டுவைத்துக் கட்டியை மட்டும் அகற்றுவதில் வெற்றி கண்டனர். 1853இல் மசசூசெற்ஸ் மாநிலத்தின் லோவல் நகரில் வோல்ரர் பேர்ன்ஹாம் என்பாரும் கிளேயைப் போன்றே தவறாக நிதானித்து வயிற்றைத் திறந்தார். பெண் வாந்தியெடுத்தமையால் கட்டியுடன் கருப்பை வெளியே தள்ளப்பட, அதனை மீண்டும் உள்ளே செலுத்த இயலாது அகற்ற வேண்டியதாயிற்று. அப்பெண் பிழைத்தாள். ஆயினும் பின்னர் அவர் செய்த அத்தகைய சிகிச்சைகளில் பெரும்பாலோர் இறந்தனர். அதே ஆண்டில் அதே நகரில் கில்மன் கிம்பல் என்பார் நார்க்கட்டி என்று அறிந்தே கருப்பையை அகற்றி வெற்றி பெற்றார். 1854இல் விர்ச்சோ இக்கட்டி தசையிலிருந்து பிறப்பதை நுணுக்குக்காட்டியின் துணையுடன் நிறுவினார்.

1846இல் ஈதர் மயக்க மருந்தும், 1867இல் லிஸ்ரரின் கிருமியொழிப்பு முறையும் வந்த பின்னரே வயிற்றைத் திறத்தல் ஒரு சூதாட்டம் என்ற நிலையிலிருந்து சிகிச்சை என்ற நிலைக்கு வளர்ந்தது. 1901இல் லண்ட்ஸ்ரெய்னர் இரத்த வகைகளைக் கண்டறிந்தமை இரத்தம் ஏற்றுதலுக்கு அடிகோலிற்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இலண்டனில் விக்ரர் பொனி, கருப்பையைக் காத்துக் கட்டியை மட்டும் அகற்றும் முறையைப் பெரிதும் வளர்த்தார். அவருடைய மனைவி இளம் வயதிலேயே இந்நோயினாற் கருப்பையை இழந்தவர். 1958இல் கிளாஸ்கோவில் அயன் டொனால்ட் மீயொலியைக் கொண்டு வயிற்றுக் கட்டிகளை ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டார். வயிற்றைத் திறக்காமலே உள்ளிருப்பதை அறியும் காலம் அதனுடன் தொடங்கிற்று.

இவ்வளவையும் கூறுவதற்குக் காரணம் உண்டு. கிளே, பேர்ன்ஹாம் ஆகியோரின் காலத்தில் திம்புள்ளையிலும் மஞ்செஸ்ரரிலும் வாழ்ந்த பெண்களின் நிலை இந்நோயைப் பொறுத்தவரை ஒன்றே, எங்கும் பரிகாரமில்லை. பரிகாரம் தோன்றிய பின்னரே இரு பெண்களுக்குமிடையில் தூரம் உண்டாயிற்று. அத்தூரம் எவ்வாறு உண்டாயிற்று என்பதே வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய வினா.

3. திம்புள்ளையும் தேயிலையும்

தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, கொட்டகலை முதலிய இடங்களை உள்ளடக்கிய திம்புள்ளை, நுவரெலியா மலைத்தொடரின் மேற்குச் சரிவில் அமைந்த பெருந்தோட்டப் பிரதேசம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அதன் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பி பயிரிடப்பட்டது. 1869இல் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இரு தசாப்தங்களுள் கோப்பியை அழித்தொழிக்க, அதனிடத்தைத் தேயிலை பிடித்தது.

இம்மாற்றம் பெண்களைப் பொறுத்தவரை மிக முக்கியமானது. கோப்பிக்கு அறுவடைக் காலத்திலேயே மிகுதியான ஆட்கள் தேவைப்பட்டனர். ஆண்களே பெருந்தொகையினராய்த் தமிழகத்திலிருந்து வந்து மீண்டனர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொய்யப்படுவது. அதற்கு நிரந்தரமாகத் தங்கும் குடும்பங்கள் வேண்டியிருந்தன. கொழுந்தெடுக்கும் பெண்கள் வேண்டியிருந்தனர். ஆகவே திம்புள்ளையின் லயங்களில் பெண்கள் தம் வாழ்நாள் முழுவதையும், நார்க்கட்டி தோன்றும் முப்பது நாற்பது வயதுகளையும், கழிக்கலாயினர். நோயும் அதற்குரிய வயதினரும் அம்மலையில் நிலைகொண்டமை தேயிலையின் விளைவேயாகும்.

இவ்விடத்தில் 1867ஆம் ஆண்டை நினைவு கூர்தல் பொருத்தமாகும். அவ்வாண்டிலேயே லிஸ்ரர் தம் கிருமியொழிப்பு முறையை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். அவ்வாண்டிலேயே கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் ஓடிற்று. தேயிலையும் புகையிரதமும் விரைந்து மலையேறின. புகையிரதம் 1874இல் நாவலப்பிட்டியையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. தேயிலைப் பெட்டிகள் துறைமுகத்தை அடைவதற்கான வழி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செம்மையாக அமைந்துவிட்டது. நோயுற்ற பெண் லயத்திலிருந்து வீதியை அடைவதற்கான வழி அவ்வாறு அமையவில்லை. கம்பளியில் தூளி கட்டித் தூக்கிச் செல்வதும், பிற்காலத்தில் கொழுந்து லொறியில் ஏற்றிச் செல்வதும் தோட்டத்து மக்களின் நினைவில் இன்றும் நிலைத்திருப்பவை.

4. சட்டம் கண்ட பெண்

தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென இலங்கையில் முதன்முதலில் விரிவாக இயற்றப்பட்டது 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச்சட்டம். பலமுறை திருத்தப்பட்ட இச்சட்டம் 1912இல் புதிதாக ஆக்கப்பட்டது. மாவட்ட வைத்திய அதிகாரிகள், மாவட்ட வைத்தியசாலைகள், தோட்ட மருந்தகங்கள் ஆகிய மூன்றையும் அது இணைத்தது. குடியேற்ற நாடுகளில் இத்தகைய ஏற்பாடு அக்காலத்தில் அரிது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

தோட்டத்துரைக்கு அச்சட்டம் விதித்த கடமைகளை நோக்குவோம். லயங்களைச் சுகாதார நிலையில் வைத்திருத்தல். நோயாளரைப் பற்றி அறிந்து, தாம் தக்கதெனக் கருதும் உடனடி உதவியைச் செய்தல். கடும் நோயோ விபத்தோ நேரின் மாவட்ட வைத்திய அதிகாரியை அழைத்தல். பிறப்பு இறப்புக்களை அறிவித்தல். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் அளித்து, அக்காலத்தில் அவளை வேலைக்கு வற்புறுத்தாதிருத்தல். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பேணச் செய்தல். 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் இவ்வழியில் மேலும் ஒரு படி சென்று, பேறுகாலக் கொடுப்பனவையும் உரிமையாக்கிற்று.

இவற்றின் நன்மையை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் இச்சட்டங்களின் கண்ணிற்குப் பெண் இரு வடிவங்களிலேயே தென்பட்டாள்: வேலை செய்பவள், பிள்ளை பெறுபவள். பிள்ளை இல்லாமல் வயிறு பருத்த பெண்ணுக்கு அப்பட்டியலில் தனியிடம் இல்லை. அவள் 'கடும் நோய்' என்ற பொதுச் சொல்லினுள் அடங்க வேண்டியவளானாள். அது கடும் நோய்தானா என்பதை முதலில் தீர்மானிப்பவர் மருத்துவரல்லர்; தோட்டத்துரை.

துரையைச் சென்றடையும் வழியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதிகாலையில் பெரட்டுக்களத்தில் நிற்கும் பெண் தன் நோயை முதலிற் கங்காணியிடம் சொல்ல வேண்டும், அடுத்துக் கணக்கப்பிள்ளையிடம், பின்னர் தோட்ட மருந்தகத்து வைத்தியரிடம், இறுதியாகத் துரையிடம். இந்நால்வரும் ஆண்கள். மாதப்போக்கைப் பற்றித் தாயிடமும் தமக்கையிடமுமன்றிப் பேசியறியாத பெண் இந்நான்கு வாயில்களையும் கடக்க வேண்டியிருந்தது. அச்சங்கிலியில் இருந்த ஒரே பெண் மருத்துவச்சி. அவள் கடமை பிரசவத்துடன் முடிந்தது. இதற்கு மேலும் ஒரு தடை உண்டு. வேலைக்குச் செல்லாத நாளுக்குப் 'பேர்' இல்லை. இடையில் திரும்பினால் 'அரைப்பேர்'. சம வேலைக்கு ஆணுக்கு நிகரான நாட்சம்பளம் தோட்டப் பெண்ணுக்குக் கிடைத்ததும் 1984இலேயே. ஆணிலும் குறைந்த கூலி பெற்றவளுக்கு ஒரு நாட்பேரை இழப்பது எளிதன்று. ஆதலால் மாதந்தோறும் மிகும் போக்கைத் துணியால் அடக்கிக்கொண்டு, கூடைக் கயிற்றைத் தலையிலிட்டு மலையேறுவதே வழக்கமாயிற்று.

அதே காலத்தில் நகரங்களில் நிலைமை மாறத் தொடங்கியிருந்தது. 1870இல் கொழும்பு மருத்துவப் பள்ளி தோன்றிற்று. 1879இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி திறக்கப்பட்டது. கனடாவிலிருந்து 1896இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை மணந்த மேரி இரத்தினம் அம்மையார் கொழும்பில் பெண்ணோயியல் மருத்துவராக நெடுங்காலம் பணியாற்றினார். சென்னையில் மேரி சார்லீப் அம்மையாரின் முயற்சியால் 1885இல் பெண்களுக்கெனத் தனி வைத்தியசாலை அமைந்தது. ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய பெண்களுக்குப் பெண் மருத்துவரே வேண்டும் என்ற உண்மையை அது ஏற்றுக்கொண்டது. டொக்டர் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்ற ஆண்டு 1912. இலங்கையில் வைத்தியத் தேவைகள் கட்டளைச்சட்டம் புதிதாக்கப்பட்ட ஆண்டும் அதுவே. சென்னை ஏற்றுக்கொண்ட அவ்வுண்மைக்கு இலங்கையின் சட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. அச்சட்டம் ஆண்ட பெண்களோ சென்னை மாகாணத்துத் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்தோரும் அவர்தம் பெண்மக்களுமாவர்.

5. வெளிறிய முகமும் கொக்கிப்புழுவும்

தோட்டத் தொழிலாளரின் இரத்தசோகை ஆட்சியாளரின் கவனத்தை முன்பே ஈர்த்திருந்தது. பிரதான சிவில் வைத்திய அதிகாரியாயிருந்த கின்சி 1887இல் இரத்தசோகையையும் 'பெரிபெரி'யையும் ஒன்றாகச் சேர்த்து நோக்கிய அறிக்கையொன்றை வெளியிட்டார். கொக்கிப்புழுவே பெருங்காரணம் என்பது தெளிவானபின், 1916இல் ரொக்கபெல்லர் நிறுவனத்தின் துணையுடன் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. மலக்கூடங்கள் அமைக்கப்பட்டன, தொழிலாளர்க்குப் புழு மருந்து புகட்டப்பட்டது. வேலைத்திறனை மீட்பதே தோட்ட முதலாளிகளின் நாட்டம் என்றாலும், பல்லாயிரவர் அதனாற் பயனடைந்தனர்.

ஆயினும் இவ்வியக்கத்தின் தருக்கத்தில் ஓர் இடைவெளி இருந்தது. கொக்கிப்புழு ஆணையும் பெண்ணையும் ஒருங்கே தாக்குவது. பெண்ணுக்கோ அதனுடன் மாதப்போக்கும், அடுத்தடுத்து நேரும் பேறும், பாலூட்டலும், உணவுக் குறைவும் சேர்ந்திருந்தன. வெளிறிய முகத்துடன் வந்த பெண்ணுக்குப் புழு மருந்து தருவது எளிது. 'மாதத்தில் எத்தனை நாள் போகின்றது?' என்று கேட்பதே அரிது. ஒரு பெருங்காரணம் கண்டறியப்பட்டமையே மற்றொரு காரணத்தைத் தேடாதிருக்கச் செய்தல் மருத்துவ வரலாற்றில் பலமுறை நேர்ந்தது. திம்புள்ளையில் எத்தனை பெண்களின் சோகைக்குப் பின்னால் நார்க்கட்டி இருந்தது என்பதை எண்ணிக்கையிட்டுக் கூறுதல் இயலாது. கேட்கப்படாத வினாவுக்குப் பதிவேட்டில் விடை இருப்பதில்லை.

1923 முதல் கண்டியில் இருந்த இந்திய அரசாங்க முகவரின் ஆண்டறிக்கைகளும் பிறப்பு, இறப்பு, சிசு மரணம் என்பவற்றையே கணக்கிட்டன. அவை அரிய ஆவணங்கள். ஆனால் பேறுகாலத்திற்குப் புறம்பாகப் பெண்ணுக்கு நேர்ந்தது அக்கணக்கினுள் அடங்கவில்லை.

6. சொல்லும் நோயும்

தமிழில் இந்நோய் பெயரற்றதன்று. மிகு மாதப்போக்கைப் 'பெரும்பாடு' என்று நம் முன்னோர் வழங்கினர். வைத்திய நூல்களிலும் விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பிலும் இச்சொல் பயின்றுள்ளது. விவிலியம் கூறும் பெண் பன்னிரண்டு ஆண்டுகள் துன்புற்று, வைத்தியர்களிடம் தன் பொருளெல்லாம் இழந்து, பிறர் அறியாமற் கூட்டத்தினுள்ளே புகுந்து நலம் தேடியவள். பெரும்பாட்டுடன் மறைவும் நாணமும் எத்துணை இறுகப் பிணைந்திருந்தன என்பதற்கு அக்கதையே சான்று. 'பாடு' என்னும் சொல் துன்பத்தையும் உழைப்பையும் ஒருங்கே குறிப்பது. தேயிலை மலையில் இவ்விரு பொருளும் ஒரே உடலிற் பொருந்தின.

மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்க முடியும் என்பதையும் இலங்கைத் தமிழர் முன்பே கண்டிருந்தனர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் இருந்து ஏறத்தாழ அறுபது மாணவரைப் பயிற்றினார். 1860களிலிருந்து தமிழிலேயே கற்பித்தார். 'பிரசவ வைத்தியம்' 1857இலும், 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் அச்சேறின. தோட்டங்களுக்கான வைத்தியச் சட்டம் பிறந்த 1872ஆம் ஆண்டிலேயே மனித உடலின் உறுப்புக்களைத் தமிழில் விளக்கும் பெருநூல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்தமை எண்ணத்தக்கது.

இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. தோட்ட மருத்துவ நிருவாகத்தின் மொழி ஆங்கிலம். நோயாளியின் மொழி தமிழ். பெண் 'அடிவயிறு சுருட்டிப் பிடிக்குது' என்று கூறுவதற்கும் 'வயிற்றுவலி' என்று பதிவாவதற்கும் இடையே நோயின் பாதி விவரம் உதிர்ந்துவிடுகின்றது. திடீரென எழுந்ததா, மெல்ல வளர்ந்ததா. வாந்தி முன்னா, வலி முன்னா. கட்டி முன்பே தெரியுமா. மாதப்போக்கு எவ்வாறிருந்தது என்னும் வினாக்களே முறுக்கத்தையும் உள் இரத்தப்போக்கையும் ஏனைய வலிகளிலிருந்து பிரித்தறிய உதவுவன. மீயொலி ஸ்கேன் இல்லாத காலத்தில் மருத்துவனுக்கு வாய்த்த தலையாய கருவி நோயாளியின் சொல்லே. அச்சொல்லைக் கேளாத மருத்துவம் அக்கருவியைத் தானே எறிந்துவிட்டதாகும்.

7. பிற்கால மாற்றங்கள்

1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டதும், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்ததும் யாவரும் அறிந்தவை. நாட்டின் ஏனைய பகுதிகளில் இலவச மருத்துவம் கிராமங்கள்தோறும் பரவிய தசாப்தங்களில், தோட்டங்கள் பெரிதும் தனி ஏற்பாட்டின் கீழேயே விடப்பட்டன. 1962இல் பேராதனையில் மருத்துவ பீடம் தோன்றியமை மலைநாட்டுக்கு அண்மையில் மருத்துவக் கல்வியைக் கொணர்ந்தது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்ட பின்னர், தாய்சேய் நலச் சேவைகள் படிப்படியாக விரிந்தன. சிசு மரணமும் பேறுகால மரணமும் குறைந்தன. 1992இல் தோட்டங்களின் முகாமை மீண்டும் தனியாரிடம் சென்றது. அத்தசாப்தத்தில் தோட்ட வைத்தியசாலைகள் சில அரசின் பொறுப்பில் எடுக்கப்படலாயின.

இக்காலத்திலும் பழைய பார்வை ஒரு வகையில் தொடர்ந்தது. 1980இல் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பணக்கொடை வழங்கப்பட்டபோது, தோட்டப் பெண்கள் பெருந்தொகையாக அதற்குட்படுத்தப்பட்டமை ஆய்வாளர் பலரின் கண்டனத்திற்குள்ளாயிற்று. கருத்தடைக்கு லயத்திலிருந்து வைத்தியசாலைக்குச் செல்லும் வழி திறந்திருந்தது என்றால், கட்டிக்கும் பெரும்பாட்டுக்கும் அதே வழி ஏன் திறந்திருக்கவில்லை? முன்னர்ச் சட்டம் பெண்ணைப் பிள்ளை பெறுபவளாகக் கண்டது; பின்னர்க் கொள்கை அவளைப் பிள்ளை பெறாதிருக்க வேண்டியவளாகக் கண்டது. இரண்டிலும் கருப்பை மக்கட்டொகைக் கணக்கின் உறுப்பே, நோயுறும் உறுப்பன்று.

இந்நிலையில் முக்கியமான திருப்பம் 1996இல் நாடளாவிய முறையில் தொடங்கப்பட்ட, முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்கான நலப் பரிசோதனை நிலையங்களாகும். கர்ப்பிணியல்லாத பெண்ணும் தன் உடலைப் பற்றி ஒரு பெண் சுகாதார ஊழியரிடம் பேசத்தக்க இடம் முறையாக அமைந்தது அவற்றினாலேயே. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நாடெங்கும் விரிந்த '1990' இலவச அம்புலன்ஸ் சேவையும், 2017இல் டிக்கோயாவில் இந்திய உதவியுடன் திறக்கப்பட்ட புதிய வைத்தியசாலைக் கட்டடமும் தூரத்தைச் சுருக்கியுள்ளன. ஆயினும் மலைச்சரிவின் உட்பிரிவுகளிலுள்ள லயங்களிலிருந்து வீதிவரை உள்ள ஒற்றையடிப் பாதையை எந்த அம்புலன்சும் கடப்பதில்லை. அத்தூரத்தை இன்றும் மனிதத் தோள்களே கடக்கின்றன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, நார்க்கட்டியின் அவசர நிலைகள் இயற்கையில் அரியவையே; அவை உயிர்க்கொல்லிகளாவது காலந் தாழ்த்தலாலும் முன்னரே வற்றிய இரத்தத்தாலுமாகும். இரண்டாவது, திம்புள்ளையில் அக்காலத்தாழ்வு மலையின் உயரத்தால் மட்டும் நேர்ந்ததன்று. பெண்ணின் வலியை மதிப்பிடும் அதிகாரத்தை மருத்துவத்திற்குப் புறம்பானவரிடம் ஒப்படைத்த ஒழுங்குமுறையால் நேர்ந்தது. மூன்றாவது, பேறுகாலப் பாதுகாப்பில் கண்ட வெற்றியே, பேறுகாலத்திற்கு வெளியேயுள்ள பெண்ணை மறக்கச் செய்தது.

இவற்றுக்குரிய பரிகாரம் அரிதானதன்று. ஏழு நாளுக்கு மேலாகவோ கட்டிகட்டியாகவோ போகும் போக்கைப் பற்றி ஒரு கேள்வி, இரத்தத்தின் செறிவை அறிய ஒரு சோதனை, இரும்புச்சத்து மாத்திரை, ஒரு ஸ்கேன், கட்டி உண்டென்று அறிந்த பெண்ணுக்குத் 'திடீர் வலியோ மயக்கமோ வரின் காத்திராதே' என்னும் அறிவுரை, சிறுநீர் அடைபட்டவளுக்கு உடனே செலுத்தத்தக்க ஒரு குழாய். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பெருநகர் வைத்தியசாலை தேவையில்லை.

பல்கலைக்கழகத்தினராகிய எமக்கும் இதில் ஒரு கடன் உண்டு. மருத்துவ மாணவர் தோட்டத் தமிழைக் கற்றல் வேண்டும். தமிழ் மாணவர் மலைநாட்டு மூதாட்டியரின் நோய்ச் சொற்களையும் நினைவுகளையும் தொகுத்தல் வேண்டும். வரலாற்று மாணவர் வைத்தியசாலைப் பதிவேடுகள் செல்லரித்துப் போவதற்கு முன் அவற்றைத் தேடிப் படித்தல் வேண்டும். தேயிலையின் விலையை ஆண்டுதோறும் கணக்கிட்டு வைத்த நாடு, அதைக் கொய்தவளின் பெரும்பாட்டைக் கணக்கிடாது விட்டது. அக்கணக்கை இப்போதேனும் எழுதத் தொடங்குவது நம் கடமையாகும்.